ஐந்து மணிக்குச் செத்த ராணி

அத்தியாயம் 3

"என் பேரு ஜோசுவே கசாடி. வயசு இருபத்திமூணு. சொந்த ஊரு காங்கோல லுபும்பாஷி. இப்ப இருக்கறது லுசாகா, லிலாண்டா மார்க்கெட் பின்னாடி, நீலக் கதவு. ஐயா கமிட்டிக்காரங்களே, நான் கம்ப்யூட்டர் வெச்சு ஆடலைங்க. எங்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாது. கொஞ்சம் தாடையத் தூக்குங்க. நான் பொய் சொல்ற ஆளு இல்லைங்க. காதுகிட்ட வரும்போது அசையாதீங்க, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை பஸ்ல இருந்து என் பேர எடுத்துடாதீங்க. அம்மாவப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. பவுடர் போடட்டுமா? இப்படிக்கு, ஜோசுவே."

போனில் வந்த அந்த விளக்கக் கடிதத்தை உரக்கப் படித்து முடித்த மவூத்தோ, கையிலிருந்த எண்ணெய் சொட்டும் விட்டும்புவா போண்டாவின் மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டான்.

"மேடம், இவன் மன்னிப்புக் கேக்கறானா, மிரட்டறானா? கமிட்டியப் பாத்து தாடையத் தூக்கு, அசையாதேங்கறான். அந்தக் கமிட்டி பொறந்ததுல இருந்தே அசைஞ்சதில்லைன்னு இவனுக்கு யாரு சொல்லப் போறா?"

மேடம் என்றது முத்திந்தா ஹமூண்டேயை. கம்வாலாவில் தன் நோட்டுப் புத்தகக் கடையின் பின்னறையில், பென்சில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளராக நின்றவள். பையன்களின் பின்கழுத்தைப் பார்த்தே எவன் சட்டைப்பையில் எத்தனை துண்டுச்சீட்டு என்று சொல்லிவிடுவாள். ஓய்வுபெற்ற பிறகு லுசாகா ஆன்லைன் செஸ் லீக் அவளைக் கூப்பிட்டு, ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தது. சம்பளம் கிடையாது. கௌரவம் உண்டு. கௌரவத்தை வைத்துக் காருக்குப் பெட்ரோல் போட முடியாது என்பதை மவூத்தோதான் அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மவூத்தோ என்றால் தொல்லைகள் என்று பொருள். பெற்றவர்கள் தீர்க்கதரிசிகள். முப்பத்திநாலு வயது. தார் எஸ் ஸலாம் லாரிகளில் பத்து வருஷம் கிளீனர், அதில் சுவாஹிலியும் வாய்த்துடுக்கும் சேர்ந்தே கற்றுக்கொண்டவன். செஸ்ஸில் குதிரை எப்படி நகரும் என்பது மட்டும் தெரியும். அதுவும் சில நாள் சந்தேகம்.

"கேஸைச் சொல்லு" என்றாள் முத்திந்தா.

"சனிக்கிழமை கடைசிச் சுற்று. நாலு இருபதுக்கு ஆட்டம் ஆரம்பம். ஒரு பக்கம் இந்தக் கசாடி. இன்னொரு பக்கம் போன வருஷ சாம்பியன், இன்சூரன்ஸ் மேனேஜர், கமிட்டி மெம்பர், மாண்புமிகு லுபிந்தா அகபெல்வா. முப்பத்திநாலு காய் நகர்த்தல்ல, அஞ்சு ஆறுக்கு, மாண்புமிகு மண்ணைக் கவ்வினாரு. ஜெயிச்சவனுக்கு டீம்ல இடம். வெள்ளிக்கிழமை டீம் பஸ் ஏறி லுபும்பாஷி போட்டிக்குப் போகுது. காங்கோ பார்டர் தாண்ட கிளப் லெட்டர் உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு அகபெல்வா கமிட்டி வாட்ஸப் குரூப்ல புகார் போட்டாச்சு. பையன் கம்ப்யூட்டர் சொல்றத அப்படியே ஆடறான்னு."

"பட்டியல் எப்போ?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு. புகார் நிலுவைல இருந்தா கசாடி பேரு அவுட். அடுத்த பேரு, ஆச்சரியப்படாதீங்க, அகபெல்வா."

"ஆதாரம்?"

மவூத்தோ போனை நீட்டினான். ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அகபெல்வாவும் செய்திருந்தார். கம்ப்யூட்டரில் இருப்பதைக் கோப்பாக அனுப்பத் தெரியாமல், திரையைப் போனால் படம் பிடித்து குரூப்பில் கொட்டியிருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு நகர்த்தல். ஒத்துப்போகும் இடத்தில் எல்லாம், 'கம்ப்யூட்டர் சிபாரிசு செய்வதும் இதுவே' என்று சிவப்பில் வட்டம். கூடவே ஒரு குறிப்பு: 'எதிராளி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏழு விநாடி எடுத்துக்கொள்கிறான். சிந்திக்கவேண்டிய தேவையே இல்லாத இடத்திலும் ஏழு விநாடி. கம்ப்யூட்டரைக் கேட்டு வர ஆகும் நேரம் அது.'

"நல்ல பாயிண்ட்தான் மேடம். எதிராளி நம்ம யானைய வெட்டினா நாம திருப்பி வெட்டித்தான் ஆகணும். அதுக்கு எதுக்கு ஏழு விநாடி? எங்க வீட்ல யாராவது என் தட்டுல கை வெச்சா ஒரு விநாடில திருப்பி வெட்டுவேன்."

முத்திந்தா லீக் அனுப்பியிருந்த நேரப் பட்டியலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "எல்லாம் ஏழுங்கறாரு. நாப்பதும் தொண்ணூறும் இருக்கே, அதை ஏன் சொல்லலை? பையன் ஏழுக்குக் குறைஞ்சு ஆடலை. அவ்வளவுதான். ஏழுக்கு மேல நிறைய யோசிச்சிருக்கான்."

"இருந்தாலும் முப்பத்தொண்ணுல இருபத்தாறு கம்ப்யூட்டரோட ஒத்துப்போகுதே?"

"ரெண்டு பசங்க பேப்பர்ல ரெண்டும் ரெண்டும் நாலுன்னு இருந்தா அது காப்பி இல்லப்பா. ரெண்டு பேரும் அஞ்சுன்னு எழுதியிருந்தாத்தான் காப்பி. நல்லா ஆடறவன் நல்ல நகர்த்தல்தான் ஆடுவான்." அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். "என்ன சொன்ன, முப்பத்தொண்ணா?"

"முப்பத்தொரு படம். மூணு தடவை எண்ணிட்டேன். வேற வேலை?"

"ஆட்டம் முப்பத்திநாலு. படம் முப்பத்தொண்ணு. இன்னொண்ணு பாரு. கம்ப்யூட்டர் திரைல கீழ் மூலைல கடிகாரம் இருக்கும். எல்லாப் படத்துலயும் அந்த மூலைய மட்டும் வெட்டி எடுத்திருக்காரு."

"படம் அழகா இருக்கணும்னு நெனச்சிருப்பாரு."

"சிவப்பு வட்டத்தப் பாத்தா அழகு தெரிஞ்ச ஆளு மாதிரியா இருக்கு?" அவள் கார்ச் சாவியை எடுத்தாள். "வா. மொதல்ல தாடையத் தூக்கச் சொல்றவனைப் பாப்போம். உனக்கும் தாடி அதிகமாயிடுச்சு."

"என் தாடி இந்தக் கேஸுக்குச் சம்பந்தமில்லாத மூணாவது நபர் மேடம்."

"இனிமே சாட்சி."

*

லிலாண்டா மார்க்கெட்டின் பின்னால் நீலக் கதவு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒல்லியாக ஒரு பையன். முடிவெட்டும் மெஷின் ஒரு கையில், சீப்பு இன்னொரு கையில். கண்ணாடியின் இரண்டு பக்கமும் இரண்டு ஆணி. இரண்டு ஆணியிலும் இரண்டு போன், ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கின. சுவரில் நகரத்தின் எந்தப் பகுதியில் எப்போது கரண்ட் போகும் என்ற அட்டவணை, பைபிள் வசனத்தைவிடப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

முத்திந்தா யாரென்று சொன்னதும் ஜோசுவேயின் கையில் இருந்த சீப்பு கீழே விழுந்தது.

"அம்மா, சத்தியமா சொல்றேன், நான்..."

"சத்தியம் வேண்டாம். இவருக்குத் தாடிய ட்ரிம் பண்ணு. பண்ணிக்கிட்டே யாரோடயாவது ஒரு ஆட்டம் ஆடு. சனிக்கிழமை எப்படி ஆடினியோ அப்படியே."

மவூத்தோ நாற்காலியில் பலிகடா போல் உட்கார்ந்தான். ஜோசுவே குனிந்து, வலது ஆணியில் தொங்கிய போனை மூக்கு நுனியால் தொட்டான். ஆட்டம் திறந்தது. மெஷின் உறுமியது.

"அண்ணே, அசையாதீங்க. ராஜா சிப்பாய் ரெண்டு கட்டம்." கடைசி வாக்கியம் போனுக்கு.

போன் ஒரு பெண் குரலில் அதைத் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டது. "சரி" என்றான் ஜோசுவே. சிப்பாய் நகர்ந்தது.

"பார்வையில்லாதவங்க ஆடறதுக்குன்னு வெச்ச வசதிம்மா அது. எனக்குக் கண்ணு இருக்கு, கைதான் இல்ல. நாள் பூரா ரெண்டு கையிலயும் அடுத்தவன் தலை. மெஷினைக் கீழ வெச்சா கஸ்டமர் எந்திரிச்சுப் போயிடறான்."

முத்திந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதிராளி ஒரு குதிரையை வெட்டினான். ஜோசுவே யோசிக்கவே இல்லை. "சிப்பாய் வெட்டு" என்றான். போன் திருப்பிச் சொல்லிற்று, கேட்டது, அவன் சரி என்றான், காய் நகர்ந்தது.

"ஏழு" என்றாள் முத்திந்தா.

"ஏழா?" மவூத்தோ திரும்பப் பார்த்தான்.

"அசையாதீங்கன்னேன்ல? காது போயிடும்."

"போகட்டும்ப்பா, உங்க கமிட்டி பேசறதக் கேக்காம இருக்கலாம். மேடம், அப்போ அந்த ஏழு விநாடி கம்ப்யூட்டர் யோசிக்கற நேரம் இல்ல. இந்தப் பொம்பளை வாய மூடற நேரம்!"

"கமிட்டி இதை ஒத்துக்காதுப்பா. இப்ப பழகிக்கிட்டு வந்து நடிக்கறான்னு சொல்லுவாங்க." முத்திந்தா இடது பக்க ஆணியைக் காட்டினாள். "இந்த ரெண்டாவது போன் எதுக்கு?"

பையன் முகம் சுருங்கிற்று. "அது வீட்டுக்கும்மா. பேசினா அதுவே எழுத்தாக்கி அனுப்பிடும். எனக்கு ஒக்காந்து எழுத நேரம் ஏது? சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மார்க்கெட்ல இருந்து வந்து காத்துக்கிட்டு இருப்பாங்க. வெட்டிக்கிட்டே பேசுவேன். தங்கச்சி நதேஜ் படிச்சுக் காட்டுவா."

"போன சனிக்கிழமையும் பேசினியா? ஆட்டத்துக்கு நடுவுல?"

"ஆமாம்மா. ஏன், தப்பா?"

முத்திந்தா அந்தப் போனைக் கழற்றி மவூத்தோ மடியில் வைத்தாள். "சுவாஹிலி. படி."

மவூத்தோ தாடையை அசைக்காமல், பல்லுக்கிடையில் மொழிபெயர்த்தான். "சனிக்கிழமை, நாலு நாப்பத்திரண்டு. 'அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைஞ்சுதா. ஐயா தலையக் குனிங்க. மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான் குடுக்கணும். குதிரையக் குடுத்தா என்ன? அவன் எடுப்பான். அப்ப ராணி உள்ள வருவா. இல்ல, வரமாட்டா, மந்திரி பாத்துக்கிட்டு நிக்கறான். வெறும் வயித்துல குடுக்காதே நதேஜ். அடச்சே, ஓரச் சிப்பாய மறந்துட்டேனே, போச்சு, அது போகட்டும், ராணியப் பிடிச்சிடலாம்.'"

மவூத்தோ விரலால் போனைத் தள்ளினான்.

"தங்கச்சி பதிலும் இருக்கு மேடம். 'எந்த ராணி? அந்த மந்திரி யாரு, அவ அப்பாவா? சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டியா? அம்மா அழறாங்க.'"

"மூணு நாளா விளக்கிக்கிட்டு இருக்கேண்ணே" என்றான் ஜோசுவே பரிதாபமாக. "இன்னும் நம்பலை. பொண்ணு போட்டோ கேக்கறாங்க."

முத்திந்தா லீக்கின் பட்டியலில் விரல் வைத்தாள். "ஓரச் சிப்பாய் பத்தொன்பதாவது நகர்த்தல்ல போயிருக்கு. நாலு நாப்பத்திநாலு. ரெண்டு நிமிஷம் முன்னாடி இவன் வாயால சொல்லியிருக்கான், மறந்துட்டேன்னு. துண்டுச்சீட்டு வெச்சிருக்கறவனுக்கு மறதி வராதுப்பா. யோசிக்கறவனுக்குத்தான் வரும்."

அவள் அங்கிருந்தே கமிட்டிச் செயலாளருக்குப் போன் போட்டாள். இரண்டு நிமிஷம் கேட்டாள். வைத்தாள்.

"என்ன மேடம், ஜெயமா?"

"விதி பதினாலாம். புகாரைக் குடுத்தவரே வாபஸ் வாங்கணும். இல்லாட்டி முழுக் கமிட்டி கூடி ஓட்டுப் போடணும்."

"முழுக் கமிட்டி எப்போ கூடும்?"

"அடுத்த மாசம்."

"பஸ் வெள்ளிக்கிழமை. பிரமாதம். ஆஸ்பத்திரில சேக்க லெட்டர் வேணும்னா, அடக்கம் முடிஞ்ச மறுநாள் வாங்கிக்கலாம்."

 ஜோசுவேயின் கை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் மெஷினும் நின்றது. விசிறி நின்றது. பக்கத்து வெல்டிங் கடையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"கரண்ட் போச்சு" என்றான் ஜோசுவே. "இங்க இன்னிக்கு மூணு மணின்னு போட்டிருந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடியே தூக்கிட்டாங்க."

மவூத்தோ மெதுவாகக் கண்ணாடியைப் பார்த்தான். வலது கன்னம் வழுவழுப்பாக, மாப்பிள்ளைபோல் இருந்தது. இடது கன்னத்தில் காடு அப்படியே இருந்தது.

"மறுபடி எப்ப வரும்?"

"ஏழு மணிக்கு, அண்ணே."

"அதுவரைக்கும் நான் யாரு? வலது பக்கம் வக்கீல், இடது பக்கம் கைதியா?"

முத்திந்தா சிரிக்கவில்லை. பாதி தாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள், பரீட்சை ஹாலில் ஒரு கழுத்தைப் பார்ப்பதுபோல.

"பாதில நின்னுடுச்சு" என்றாள்.

"தெரியுது மேடம். குத்திக் காட்டாதீங்க."

"உன்னைச் சொல்லலை." அவள் சுவரில் இருந்த அட்டவணைக்குப் போய் விரலால் வருடினாள். "ஜோசுவே, அகபெல்வா இருக்கற சலாலா எந்த கரண்ட் குரூப்பு?"

"எஃப் குரூப்பும்மா."

"சனிக்கிழமை எஃப்..." விரல் நின்றது. அவள் திரும்பினாள். "மவூத்தோ, எந்திரி. மாண்புமிகுவப் பாத்துட்டு வருவோம்."

"இந்த மூஞ்சியோடயா?"

"அந்த மூஞ்சிதான் வேணும்."

*

சலாலாவில் அகபெல்வாவின் வீடு மதில், மதில்மேல் கண்ணாடிச் சில்லு, அதற்குமேல் கம்பி என்று மூன்றடுக்குப் பாதுகாப்புடன் இருந்தது. அப்போது மணி நாலு பத்து. அகபெல்வா வரவேற்பறையில் தன் கோப்பைகளுக்கு நடுவே இன்னொரு கோப்பைபோல உட்கார்ந்திருந்தார். மவூத்தோவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். கண்ணியமானவர் என்பதால் எதுவும் கேட்கவில்லை.

"அந்தப் பையனுக்காக வந்தீங்கன்னா வீண் வேலை மேடம். எனக்கும் வருத்தம்தான். திறமை இருந்தா நேர்மையா ஆடலாமே? இங்க வந்து பொழைக்கறவங்க இந்த மண்ணோட பேரைக் கெடுக்கக் கூடாது பாருங்க."

"அதே கவலைதான் எங்களுக்கும்" என்றான் மவூத்தோ. "மண்ணு பேரு கெட்டா வேற மண்ணு எங்க போய் வாங்கறது?"

திருமதி அகபெல்வா ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். மவூத்தோ ஒரு வாய் குடித்தான். முகத்தின் இரண்டு பாதிகளும் முதல்முறையாக ஒரே பாவத்தைக் காட்டின. ஜூஸ் குளிக்கிற பதத்தில் இருந்தது.

"மன்னிச்சுக்கோப்பா, ஐஸ் இல்ல" என்றாள் அவள். "ஃப்ரிட்ஜே அலமாரி மாதிரிதான் கெடக்கு. சனிக்கிழமை பதினஞ்சு கிலோ மீன் வாங்கி வெச்சேன். மொத்தமும் குப்பைக்குப் போச்சு."

"அடடா" என்றாள் முத்திந்தா, மீனுக்கு நிஜமாகவே துக்கப்பட்டவள் போல. பிறகு அகபெல்வா பக்கம் திரும்பினாள். "சார், உங்க படமெல்லாம் பாத்தேன். என்ன உழைப்பு! ஒவ்வொரு நகர்த்தலையும் கம்ப்யூட்டர்ல போட்டு, படம் பிடிச்சு, வட்டம் போட்டு... எவ்வளவு நேரமாச்சு?"

"ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல. ஆட்டம் முடிஞ்ச கையோட ஒக்காந்தேன். ஏழு மணிக்குத்தான் எந்திரிச்சேன்."

"போன்லயேவா?"

"போன்லயா?" அவர் சிரித்தார். "போன், டேப்லெட் எல்லாம் பொம்மைங்க மேடம். ஆட்டம் வேணா டேப்லெட்ல ஆடலாம். ஆராய்ச்சிக்கு அதோ, அந்தப் பெரிய கம்ப்யூட்டர்தான்." மூலையில் மேசை. அதன்மேல் கம்ப்யூட்டர். அதன் வாலைத் தொடர்ந்துபோனால் சுவரில் பிளக்.

"ஏன் சார் கடைசி மூணு நகர்த்தலுக்குப் படம் இல்ல?"

"எது?"

"ஆட்டம் முப்பத்திநாலு. படம் முப்பத்தொண்ணு. உங்க ராணி செத்தது முப்பத்திரண்டுல. நம்ம ராணிய வெட்டின நகர்த்தலைத்தானே மொதல்ல ஆராய்ச்சி பண்ணுவோம்? நீங்க அதை மட்டும் விட்டுட்டீங்க."

"முப்பத்தொண்ணே போதும்னு தோணிச்சு." குரலில் ஒரு நூல் பிரிந்தது.

முத்திந்தா லீக்கின் நேரப் பட்டியலை எடுத்து ஜூஸ் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "முப்பத்தொண்ணாவது நகர்த்தல் நாலு அம்பத்தொன்பதுக்கு. அதுவரைக்கும் நீங்க மகாராஜா மாதிரி ஆடியிருக்கீங்க சார். ஒரு தப்பு கிடையாது. அஞ்சு ரெண்டுக்கு ராணியக் கொண்டுபோய்க் குதிரை வாயில குடுத்திருக்கீங்க. அஞ்சு ஆறுக்கு ராஜா காலி. மூணு நிமிஷத்துல ஒரு மனுஷனுக்குள்ள அப்படி என்ன போச்சு?"

"களைப்பு" என்றார் அகபெல்வா.

"கரண்ட்" என்றாள் முத்திந்தா. "எஃப் குரூப்பு. சனிக்கிழமை அஞ்சு மணி."

அறையில் எதுவும் ஓடவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த அட்டவணைய நம்பி யாராவது ஒரு முட்டை வேகவெப்பாங்களா மேடம்?" அவர் சிரிக்க முயன்றார். "அவங்க எழுதறது ஒண்ணு, நடக்கறது ஒண்ணு."

"அதான் நானும் நம்பலை. அம்மா, சனிக்கிழமை கரண்ட் எப்போ போச்சு?"

"அஞ்சுக்கு டாண்ணு போச்சு" என்றாள் திருமதி அகபெல்வா. "கரண்ட் அடுப்புல சோளச் சீமாக் களி கிண்டிக்கிட்டு இருந்தேன். பாதில நின்னுடுச்சு. மறுநாள் மத்தியானம்தான் வந்துச்சு. அதுக்குள்ள மீனு..."

"எனக்கும் இன்னிக்குப் பாதில நின்னுடுச்சும்மா" என்று மவூத்தோ இடது கன்னத்தைத் தடவினான். "ஆனா பாருங்க, எனக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போச்சுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. சார் படத்துல கடிகாரத்த வெட்டிட்டாரு. மூணு படம் குறையற பாதித் தாடிய மறைக்க மறந்துட்டாரு."

"ஜெனரேட்டர்!" என்றார் அகபெல்வா, கரையைக் கையால் பிடித்தவர் போல. "ஜெனரேட்டர் போட்டுத்தான் ஆராய்ச்சி பண்ணினேன்."

  இருவரும் திருமதி அகபெல்வாவைப் பார்த்தார்கள்.

"எந்த ஜெனரேட்டரு?" என்றாள் அவள். "மூணு வாரமா மெக்கானிக்கிட்ட கெடக்குதே, அதா? அது வேலை செஞ்சிருந்தா என் பதினஞ்சு கிலோ மீனு ஏங்க அழுகப் போவுது? உங்க செஸ்ஸுக்கு ஓடும், என் ஃப்ரிட்ஜுக்கு ஓடாதா?"

அதற்குப் பிறகு துப்பறியும் வேலை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அவளே தொடர்ந்து விசாரிக்கத் தயாராக இருந்தாள்.

முத்திந்தா குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு மணிக்கு மேல இந்தக் கம்ப்யூட்டர் வெறும் மரக்கட்டை. அப்போ அந்த முப்பத்தொரு படமும் அஞ்சு மணிக்கு முன்னாடி எடுத்தது. அதாவது ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே. கைல டேப்லெட்டு, மேசைல கம்ப்யூட்டரு. இல்லீங்களா சார்?"

அகபெல்வா கோப்பைகளைப் பார்த்தார். அவர் பேசியபோது வந்தது குற்றவாளியின் குரல் அல்ல. நியாயம் கிடைக்காதவரின் குரல்.

"நீங்களே சொல்லுங்க மேடம். நான் கம்ப்யூட்டர் சொல்றத அப்படியே ஆடறேன். உலகத்துலயே பலமான புரோகிராம். இருபது நகர்த்தலாச்சு, அவன் விழவே மாட்டேங்கறான். ஒரு சிப்பாய் போச்சு, அப்பவும் நிக்கறான். கம்ப்யூட்டருக்கு ஈடு குடுத்து நிக்கணும்னா அவன்கிட்டயும் கம்ப்யூட்டர் இருந்தாகணும்ல? அதனாலதான் நடுவுலயே, மொத நகர்த்தல்ல இருந்து படம் எடுக்க ஆரம்பிச்சேன். ஏமாத்தறவனை விடலாமா?"

 மவூத்தோ சூடான ஜூஸை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டான்.

"வாபஸ் எழுதுங்க சார்" என்றாள் முத்திந்தா. "இப்பவே, குரூப்ல. உங்க சமாச்சாரம் என் அறிக்கைல போகும். அதை அடுத்த மாசம் முழுக் கமிட்டி கூடிப் பேசட்டும். விதி பதினாலு. நீங்க எழுதின விதிதானே?"

நாலு நாற்பத்தொன்றுக்கு 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்ற செய்தி குரூப்பில் விழுந்தது. அவர்கள் வாசலுக்கு வந்தபோது அகபெல்வா பின்னாலேயே வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, மனைவிக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"மேடம், அப்போ அந்தப் பையன்... நிஜமாவே... தானா யோசிச்சா ஆடினான்?"

"ஆமா சார்" என்றாள் முத்திந்தா. "அப்படியும் ஆடுவாங்க."

*

ஏழு மணிக்கு லிலாண்டாவில் கரண்ட் வந்தது. நீலக் கதவுக்குள் மெஷின் மறுபடி உறுமியது. நாற்காலியில் மவூத்தோ. ஸ்டூலில் முத்திந்தா, கையில் ஐந்து மணிப் பட்டியல். முதல் பெயர், ஜோசுவே கசாடி. அதை அவள் நாலு தடவை அவனுக்குப் படித்துக் காட்டியாகிவிட்டது. அவன் ஐந்தாவது தடவை கேட்டான். அதையும் படித்தாள்.

பிறகு அவன் குனிந்து, இடது ஆணியில் இருந்த போனை மூக்கால் தொட்டான்.

"நதேஜ், ஜோசுவே பேசறேன். கடையிலதான் இருக்கேன். பஸ்ல என் பேரு இருக்கு. எடுக்கலை. அண்ணே, இடது பக்கம் திரும்புங்க. நான் கல்யாணம் எதுவும் பண்ணிக்கலை, அந்த ராணி செத்துப் போச்சு."

"டேய், அப்படிச் சொல்லாதே! இப்ப கொலைக் கேஸ்னு நெனப்பாங்க!" என்றான் மவூத்தோ.

"அண்ணே, நீங்க பேசறதும் எழுத்தாகுது, பேசாதீங்க. அம்மா, வெள்ளிக்கிழமை காலைல பஸ்ஸு. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். ரெண்டு நாள் இருப்பேன். உங்க தலைய நானே வெட்டி விடறேன், வேற யார்கிட்டயும் போகாதீங்க. நதேஜ் போன் அக்கம்பக்கத்துல யார் கைல இருக்கோ தெரியலை. இதை யார் படிச்சாலும் சரி, தயவுபண்ணி எங்க அம்மாகிட்டப் போய்ச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் அவங்கள மார்க்கெட்டுக்குப் போகவேண்டாம்னு சொல்லுங்க. வீட்லயே இருக்கச் சொல்லுங்க."